சூடேற்றும் சுற்றின் பின்னூட்டத்தைத் தானாக அளவமைக்கச் செய்வது எப்படி: ரிலே முறைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சூடேற்றி ஒன்றின் வெப்பநிலையை நிலையாக வைத்திருக்கும் மின்னணுச் சுற்றைக் கட்டி முடித்தவர்கள் எல்லோரும் அடுத்து வந்து நிற்கும் இடம் ஒன்றே. விகிதம் (இலக்கிலிருந்து இப்போதுள்ள விலகல்), தொகையீடு (இதுவரை சேர்ந்த விலகல்), வகையீடு (மாறும் வேகம்) என்ற மூன்றையும் கூட்டிச் செயல்படும் பி.ஐ.டி. கட்டுப்பாட்டில் அந்த மூன்றுக்கும் என்ன எண்களைக் கொடுப்பது என்ற கேள்வி அது. பலர் இணையத்தில் யாரோ கொடுத்த எண்களை எடுத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அவை வேறொரு சூடேற்றிக்கும் வேறொரு உணரிக்கும் உரியவை என்பதால் வெப்பநிலை இலக்கைத் தாண்டி ஏறுகிறது, அல்லது இலக்கைச் சுற்றி ஓயாமல் ஊசலாடுகிறது. அந்த எண்களைச் சுற்றே தன்னைச் சோதித்துக் கண்டுபிடித்துக்கொள்ளும்படி செய்யலாம். அதற்கு எளிதானதும் நம்பத்தக்கதுமான வழி ரிலே முறை. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் யோகான் ஆஸ்ட்ரோமும் டோரே ஹெக்லுண்டும் 1984இல் வெளியிட்ட முறை இது. முப்பரிமாண அச்சுப்பொறிகளை உள்ளிருந்து இயக்கும் மார்லின் என்ற நிரலில் (ஃபர்ம்வேர்) எம்303 என்று கட்டளை கொடுத்தால் நடப்பதும் இதே வேலைதான்.

தானியங்கி அளவமைப்பைப் பற்றி முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அது சுற்றை அளக்கிறது. சுற்றிலுள்ள பிழைகளைத் திருத்துவதில்லை. தளர்ந்த உணரியையும் தவறாகப் போட்ட தரைக் கம்பியையும் (சுற்றின் சுழிய மின்னழுத்தக் கம்பி) அது அப்படியே அளந்து, அந்தப் பிழைகளுக்கு ஏற்ற எண்களை மிகுந்த நம்பிக்கையோடு கொடுத்துவிடும். ஆகையால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் அளவை ஒழுங்காக எடுப்பதைப் பற்றியே பேசுகிறேன். சூத்திரங்கள் நான்கு வரிக்குள் முடிந்துவிடும்.

எடுத்துக்காட்டுக்கு எடுத்துக்கொள்ளும் சுற்று

எல்லாக் கணக்கையும் ஒரே அமைப்பை வைத்துச் செய்வோம். 12 வோல்ட்டில் 40 வாட் எடுக்கும் சூடேற்றி, அதாவது 3.6 ஓம் தடை, 3.33 ஆம்பியர் மின்னோட்டம். அது ஒரு சிறிய அலுமினியக் கட்டைக்குள் செருகப்பட்டிருக்கிறது. கட்டையும் அதனோடு ஒட்டியவையும் சேர்ந்து ஒரு டிகிரி செல்சியஸ் ஏற 12 ஜூல் வெப்பம் தேவை. இலக்கு 200 டிகிரி. அறை வெப்பநிலை 25 டிகிரி. 200 டிகிரியில் நிலைத்து நிற்க முழுத் திறனில் 40 சதவீதம், அதாவது 16 வாட் செலவாகிறது. சூடேற்றியில் செய்த மாற்றம் உணரியில் தெரிய ஏறத்தாழ 4 வினாடி ஆகிறது. உணரி, சூடேறச் சூடேறத் தடை குறையும் தெர்மிஸ்டர்; 25 டிகிரியில் அதன் தடை 100 கிலோ ஓம், தடை எவ்வளவு வேகமாகக் குறையும் என்பதைச் சொல்லும் பீட்டா மதிப்பு 3950. அதற்கு மேலே 3.3 வோல்ட்டை நோக்கி 4.7 கிலோ ஓம் தடை. மைக்ரோகன்ட்ரோலர் 12 பிட் ஏ.டி.சி. (மின்னழுத்தத்தை 0 முதல் 4095 வரையான எண்ணாக மாற்றும் பகுதி) வழியாக இவ்விரண்டும் சேரும் முனையின் மின்னழுத்தத்தைப் படித்து, பி.டபிள்யூ.எம். (விரைவாகப் போட்டு அணைக்கும்) துடிப்பின் அகலத்தை மாற்றி, மின்னணுச் சுவிட்சாக வேலை செய்யும் ஒரு மாஸ்ஃபெட் மூலம் சூடேற்றியை இயக்குகிறது. கால் வினாடிக்கு ஒருமுறை கணக்கு நடக்கிறது.

முதற்படி: பாதுகாப்பு

அளவமைப்பின்போது சூடேற்றியை வேண்டுமென்றே ஊசலாட விடப்போகிறோம். ஆகையால் எந்த நிலையில் சோதனை தானே நிற்க வேண்டும் என்பதை முதலில் எழுதுங்கள்; அதன் பிறகே சோதனையை எழுதுங்கள்.

மேலே சொன்ன கட்டையில் 16 வாட் செலவில் 175 டிகிரி உயர்வு கிடைக்கிறது என்றால், 40 வாட்டும் இடைவிடாமல் போனால் உயர்வு ஏறத்தாழ 437 டிகிரி ஆகும். கட்டை 460 டிகிரியைத் தொடும். (கதிர்வீச்சால் இழப்பு கூடி உண்மையில் சற்றுக் குறையலாம், அபாயம் குறையாது.) அதற்கு வெகு முன்பே, 260 டிகிரிக்கு மேல், டெஃப்லான் குழாய் கெடத் தொடங்கி நச்சுப் புகையை விடும்.

ஒருமுறை என் மேசையில் தெர்மிஸ்டரைப் பிடித்திருந்த சிறிய திருகு தளர்ந்து, சோதனையின் நடுவில் உணரி கட்டையிலிருந்து பாதி வெளியே வந்துவிட்டது. திரையில் ஓடிக்கொண்டிருந்த கோடு 203இல் இருந்து மெல்ல இறங்கி 170க்கு வந்தது. இலக்குக்குக் கீழே இருக்கிறது என்று நிரல் சூடேற்றியை முழு நிலையில் வைத்துக்கொண்டே இருந்தது. கோடு இறங்குவதைப் பார்த்துக்கொண்டு, காற்றுப் பட்டுக் குளிர்கிறது போலும் என்று நினைத்திருந்தேன். மூக்கில் நெடி ஏறிய பிறகே பிளக்கைப் பிடுங்கினேன். அன்றிலிருந்து கீழே வரும் விதிகள் இல்லாமல் ஒரு சோதனையையும் நான் தொடங்குவதில்லை.

இலக்கைவிட 20 டிகிரி கூடுதலாகப் போனால் சூடேற்றியை அணைத்துச் சோதனையை நிறுத்துங்கள். உயர்நிலைத் திறன் (சோதனையில் மாறிமாறி வரும் இரு திறன் மட்டங்களில் கூடியது) தொடங்கி 20 வினாடிக்குள் வெப்பநிலை ஏறத் தொடங்காவிட்டாலும் நிறுத்துங்கள்; நம் அமைப்பில் உயர்நிலையில் வினாடிக்கு ஒரு டிகிரியாவது ஏற வேண்டும், தாமதம் 4 வினாடிதான், ஆகவே 20 வினாடி தாராளமான கெடு. ஏ.டி.சி. எண் இரு ஓரங்களில் ஒன்றை ஒட்டினால் உணரிக் கம்பி அறுந்திருக்கிறது அல்லது குறுக்கே தொட்டிருக்கிறது. அப்போதும் நிறுத்த வேண்டும். மொத்தச் சோதனைக்கும் பத்து நிமிடம் என்று ஒரு கெடு வையுங்கள். இவை அனைத்தும் நிரலில் உள்ளவை. நிரலே தொங்கிப்போனால் காப்பாற்ற, மைக்ரோகன்ட்ரோலரைத் தானாக ரீசெட் செய்யும் வாட்ச்டாக் கடிகாரத்தை இயக்குங்கள். மாஸ்ஃபெட்டின் கேட் முனையிலிருந்து தரைக்கு 10 கிலோ ஓம் தடை ஒன்றைப் போட்டால், மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட் ஆகி அதன் முனைகள் அந்தரத்தில் நிற்கும் கணத்திலும் சூடேற்றி அணைந்தே இருக்கும். மாஸ்ஃபெட் பழுதானால் பெரும்பாலும் அது நிரந்தரமாகக் கடத்தும் நிலையில்தான் நிற்கும் என்பதால், இலக்குக்கு மேலே போதிய இடைவெளியில் உருகி அறுபடும் தெர்மல் ஃபியூஸ் ஒன்றைச் சூடேற்றியோடு தொடராக இணைப்பதைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

இரண்டாம் படி: அளவியைச் சரிபார்த்தல்

200 டிகிரியில் பீட்டா சூத்திரப்படி நம் தெர்மிஸ்டரின் தடை ஏறத்தாழ 745 ஓம். அப்போது ஏ.டி.சி. காட்டும் எண் 560 அளவில் இருக்கும். ஒரு டிகிரிக்கு அது 8.5 எண்ணிக்கை மாறும். எனவே ஓர் எண்ணிக்கை என்பது 0.12 டிகிரி. இதே சுற்றில் 10 பிட் ஏ.டி.சி. இருந்தால் ஓர் எண்ணிக்கை ஏறக்குறைய அரை டிகிரி ஆகிவிடும். வகையீட்டுப் பகுதிக்கு அது போதாது. ஒரு கணக்குக்கு 16 மாதிரிகளை எடுத்துச் சராசரி கண்டால், ஒழுங்கற்ற இரைச்சல் நான்கில் ஒரு பங்காகக் குறையும்.

இரைச்சலைவிட மோசமான எதிரி தரைக் கம்பி. நான் பார்த்த கோளாறான சுற்றுகளில் மிகுதியானவை இங்கேதான் சறுக்கின என்பதால் இதைச் சற்று விரித்துச் சொல்கிறேன். 0.75 சதுர மில்லிமீட்டர் குறுக்குவெட்டுள்ள செம்புக் கம்பிக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 23 மில்லி ஓம் தடை உண்டு. சூடேற்றியின் மின்னோட்டம் திரும்பிவரும் கம்பியிலேயே தெர்மிஸ்டரின் கீழ் முனையையும் இணைத்திருக்கிறீர்கள், பொதுவாக ஓடும் நீளம் 90 சென்டிமீட்டர், தடை ஏறக்குறைய 20 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடேற்றி முழுதாக ஓடும்போது 3.33 ஆம்பியர் அதில் பாய்ந்து 67 மில்லிவோல்ட் வீழ்ச்சி உண்டாகும். ஏ.டி.சி.யின் ஓர் எண்ணிக்கை 0.8 மில்லிவோல்ட். அந்த வீழ்ச்சியில் ஏறத்தாழ 58 மில்லிவோல்ட் ஏ.டி.சி. படிக்கும் முனையில் சேரும். ஆகவே 70க்கு மேற்பட்ட எண்ணிக்கைகள், அதாவது ஏறத்தாழ 8 டிகிரி, பொய்யாக மாறித் தெரியும். அதுவும் எந்தத் திசையில் என்று பாருங்கள்: தெர்மிஸ்டரின் அடி உயர்வதால் படிக்கும் மின்னழுத்தம் கூடுகிறது, மின்னழுத்தம் கூடினால் குளிர்ந்துவிட்டதாகப் பொருள். சூடேற்றி இயங்கினால் குளிர்ந்ததாகவும், அணைந்தால் சூடானதாகவும் சுற்றுக்குத் தோன்றும். எதிர் பின்னூட்டம் என்று நினைத்துக் கட்டிய சுற்றுக்குள் ஒரு நேர் பின்னூட்டம் ஒளிந்திருக்கிறது.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை உண்டு. கட்டை சூடாக இருக்கும்போது சூடேற்றியை ஒரே நொடியில் 10 சதவீதத்திலிருந்து 70 சதவீதத்துக்கு மாற்றி, வெப்பநிலைக் கோட்டை உற்றுப் பாருங்கள். வெப்பம் நொடியில் பாயாது. முதல் சில வினாடிகள் கோடு தன் பழைய போக்கிலேயே போய், பிறகு வளைந்து ஏறத் தொடங்க வேண்டும். மாற்றிய அதே கணத்தில் கோட்டில் செங்குத்தான ஒரு படி விழுந்தால், மேலே சொன்ன கம்பியில் அது 5 டிகிரி அளவுக்கு இருக்கும், அது வெப்பத்தால் வந்ததன்று, கம்பியால் வந்தது. தெர்மிஸ்டரின் இரண்டு முனைகளிலிருந்தும் தனித்தனிக் கம்பிகளை நேராக மைக்ரோகன்ட்ரோலருக்கு, மேல் முனையை ஏ.டி.சி. உள்ளீட்டுக்கும் கீழ் முனையை ஏ.டி.சி. தரைக்கும், கொண்டுவந்து, சூடேற்றியின் திரும்பு கம்பியை மின்வழங்கி முனையில் மட்டும் சந்திக்க விடுங்கள். அந்தப் படி மறையும் வரை அடுத்த வேலைக்குப் போக வேண்டாம்.

மூன்றாம் படி: ரிலே ஊசலைத் தொடங்குதல்

இந்த முறையின் அடிப்படை நியாயத்தைப் பார்ப்போம். ஜான் சீக்லரும் நதானியேல் நிக்கல்சும் 1942இல் தந்த முறையில், விகிதப் பெருக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய், சுற்று தணியாமலும் பெருகாமலும் ஒரே வீச்சில் ஊசலாடத் தொடங்கும் எல்லையைப் பிடிப்பார்கள். அந்தப் பெருக்கம் எல்லைப் பெருக்கம். அந்த ஊசலின் காலம் எல்லை அலைவுக்காலம். இரண்டும் தெரிந்தால் மூன்று எண்களும் கிடைத்துவிடும். ஆனால் அந்த எல்லையை நோக்கிக் கையால் நகர்வது ஆபத்தானது, நேரமும் ஆகும். சற்றுத் தாண்டினால் ஊசல் பெருகிக்கொண்டே போகும். ஆஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் செய்தது, விகிதக் கட்டுப்பாட்டைக் கழற்றி அங்கே ஒரு ரிலேயை வைத்தது. வெப்பநிலை இலக்குக்குக் கீழே என்றால் உயர்நிலை, மேலே என்றால் தாழ்நிலை. இடையில் ஒன்றும் இல்லை. திறன் இரண்டு மட்டங்களுக்குள் கட்டுண்டிருப்பதால் ஊசலின் வீச்சும் கட்டுக்குள்ளேயே நிற்கும். சுற்று தானாகவே எல்லை அலைவுக்காலத்துக்கு மிக அருகில் ஆடத் தொடங்கும். இங்கே ரிலே என்பது நிரலுக்குள் இருக்கும் ஒரு நிபந்தனை மட்டுமே. தனியாக ஒரு ரிலேயை வாங்கிப் பொருத்த வேண்டியதில்லை.

இரைச்சலால் ரிலே படபடவென்று மாறாமல் இருக்க ஒரு தயக்கப் பட்டை வேண்டும். நம் சுற்றில் அரை டிகிரி வைப்போம்: 200.5க்கு மேலே போனால்தான் தாழ்நிலை, 199.5க்குக் கீழே இறங்கினால்தான் உயர்நிலை. உணரியின் இரைச்சலைப் போல இரண்டு மூன்று மடங்கு இருந்தால் போதும். பட்டையை அகலமாக வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும்; ஆனால் அது அளவையே கெடுக்கும் என்பதைக் கணக்கு வரும்போது காண்போம்.

உயர்நிலையையும் தாழ்நிலையையும் 100, 0 என்று வைத்துவிடாதீர்கள். இலக்கில் நிற்கத் தேவையான திறன் 40 சதவீதம் என்றால், அதற்கு மேலும் கீழும் சம தூரத்தில் இரு நிலைகளும் இருந்தால்தான் ஏற்றமும் இறக்கமும் ஒரே சாயலில் அமையும். கீழே வரும் சூத்திரம் அந்தச் சமச்சீரை எதிர்பார்க்கிறது. அந்த 40 சதவீதம் உங்களுக்கு முன்பே தெரிந்திருக்காது. அதையும் சுற்றே கண்டுபிடித்துக்கொள்ளட்டும். இரு நிலைகளுக்கும் நடுவிலுள்ள திறன், அதாவது நடுநிலை, 50; அதிலிருந்து ஒவ்வொரு நிலையும் விலகும் தூரம், அதாவது ரிலே விலகல், 30 என்று தொடங்குங்கள். அதாவது 80, 20. தேவை 40 என்பதால் ஏறும்போது 40 சதவீதம் மிகுதியாகவும் இறங்கும்போது 20 சதவீதம் மட்டுமே குறைவாகவும் கிடைக்கிறது. ஏற்றம் வேகமாக முடிந்து, இறக்கம் இழுத்துக்கொண்டு போகும். ஒரு முழு ஊசலில் உயர்நிலை மூன்றில் ஒரு பங்கு நேரமும் தாழ்நிலை மூன்றில் இரண்டு பங்கு நேரமும் இருக்கும். உயர்நிலை நேரத்திலிருந்து தாழ்நிலை நேரத்தைக் கழித்து, மொத்த நேரத்தால் வகுத்து, விலகலால் பெருக்கிப் பழைய நடுநிலையோடு கூட்டுங்கள்: 30 × (1/3 − 2/3) = −10; புது நடுநிலை 40. ஊசலின் சராசரித் திறன்தான் இலக்கில் நிற்கத் தேவையான திறன் என்பதைத்தான் இந்தக் கணக்கு வேறு வடிவில் சொல்கிறது. அடுத்த ஊசலிலிருந்து நிலைகள் 70, 10 என்று அமையும். மார்லினும் இதே திருத்தத்தை ஒவ்வோர் ஊசலிலும் செய்கிறது.

நான்காம் படி: வீச்சும் காலமும் எடுத்தல்

ஒவ்வோர் ஊசலிலும் மிக உயர்ந்த வெப்பநிலை, மிகத் தாழ்ந்த வெப்பநிலை, உயர்நிலைக்கு மாறிய நேரம் ஆகியவற்றைப் பதியுங்கள். அறை வெப்பநிலையிலிருந்து ஏறிவந்த முதல் எழுச்சியைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. கட்டைக்குள் வெப்பம் அப்போதுதான் பரவுகிறது, நடுநிலையும் இன்னும் திருத்தப்படவில்லை. அடுத்த ஊசலையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு அடுத்தடுத்த இரு ஊசல்களின் வீச்சும் காலமும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போனால் அளவு முதிர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். எட்டு ஊசல்கள் போன பின்னும் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுத்துச் சமாளிக்க முயலாமல், அளவமைப்பு தோற்றது என்று அறிவித்துப் பழைய எண்களுக்கே திரும்புவதுதான் நேர்மையான வழி. மின்விசிறி தன் விருப்பத்துக்கு ஓடி நிற்பது, சன்னல் காற்று, மின்வழங்கியின் தள்ளாட்டம் என்று காரணம் வெளியே இருக்கும், அதைத் தேடுங்கள்.

நம் எடுத்துக்காட்டில் உயர்நிலையில் 28 வாட் போகிறது, 16 வாட் இழப்பு. மிச்சமுள்ள 12 வாட் 12 ஜூல் கொண்ட கட்டையை வினாடிக்கு ஒரு டிகிரி ஏற்றுகிறது. 200.5இல் ரிலே மாறினாலும் 4 வினாடித் தாமதத்தால் மேலும் 4 டிகிரி ஏறி 204.5ஐத் தொட்டுவிட்டுத்தான் இறங்கும். கீழேயும் அப்படியே 195.5. ஆகவே நடுவிலிருந்து உச்சம் வரையான வீச்சு 4.5 டிகிரி, காலம் 18 வினாடி. உங்கள் திரையில் தெரியும் கோடு சைன் அலையைவிட முக்கோணத்துக்கு நெருக்கமாக, முனைகள் மட்டும் மழுங்கிய வடிவில் இருக்கும்.

ஐந்தாம் படி: கணக்கு

எல்லைப் பெருக்கம் காண, ரிலே விலகலை நான்கால் பெருக்கி, பை மதிப்பையும் திருத்திய வீச்சையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். திருத்திய வீச்சு என்பது வீச்சின் வர்க்கத்திலிருந்து தயக்கப் பட்டையின் வர்க்கத்தைக் கழித்து எடுத்த வர்க்கமூலம்: 20.25 − 0.25 = 20; அதன் மூலம் 4.47. எனவே 4 × 30 ÷ (3.1416 × 4.47) = 8.54. இலக்கிலிருந்து ஒரு டிகிரி விலகலுக்கு 8.54 சதவீதத் திறன் என்று இதைப் படிக்க வேண்டும். எல்லை அலைவுக்காலம் 18 வினாடி.

தயக்கப் பட்டை இருப்பதால் நாம் அளந்தது 180 டிகிரி கட்டப் பின்தங்கல் (ஒரு முழு ஊசலை 360 டிகிரி என்று கொண்டு, வெப்பநிலை ஊசல் திறன் ஊசலுக்குப் பின்தங்கும் அளவு) உள்ள துல்லியமான எல்லைப் புள்ளி அன்று. அதற்குச் சற்று முந்திய புள்ளி. எவ்வளவு முந்தியது என்பதை, பட்டையை வீச்சால் வகுத்து வரும் எண்ணின் சைன் நேர்மாறு சொல்லும்: 0.5 ÷ 4.5க்கு 6.4 டிகிரி. இது பொருட்படுத்த வேண்டாத அளவு. பட்டையை 3 டிகிரி என்று வைத்திருந்தால் வீச்சு 7 ஆகி, இந்த விலகல் 25 டிகிரியைத் தாண்டியிருக்கும். காலமும் 28 வினாடியாக நீண்டு, கிடைக்கும் எண்கள் மந்தமான ஒரு சுற்றுக்கு உரியவையாகிவிடும்.

இன்னொரு பிழை முறைக்குள்ளேயே இருக்கிறது. சூத்திரம் ஊசலைச் சைன் அலையாகக் கருதுகிறது. நமக்குக் கிடைத்ததோ முக்கோணம். வெறும் தாமதமும் தொகையீடும் மட்டுமுள்ள அமைப்பில், பட்டை இல்லாத ரிலே, காலத்தைச் சரியாகவே தரும். பெருக்கத்தை மட்டும் உண்மையைவிட 19 சதவீதம் குறைத்துச் சொல்லும். குறைத்துச் சொல்வதால் விளைவு நிதானத்தின் பக்கம் சாய்கிறது. சூடேற்றிக்கு நான் இதைக் குறையாகவே எண்ணுவதில்லை.

ஆறாம் படி: மூன்று எண்களைத் தேர்ந்தெடுத்தல்

சீக்லர் – நிக்கல்ஸ் விதி: விகிதப் பெருக்கம் எல்லைப் பெருக்கத்தில் 0.6 பங்கு, தொகையீட்டுக் காலம் எல்லைக் காலத்தில் பாதி, வகையீட்டுக் காலம் எட்டில் ஒன்று. நமக்கு 5.12, 9 வினாடி, 2.25 வினாடி. நிரலில் தனித்தனிப் பெருக்கங்களாக எழுதுவோர், விகிதத்தைத் தொகையீட்டுக் காலத்தால் வகுத்தால் 0.57, வகையீட்டுக் காலத்தால் பெருக்கினால் 11.5 என்று வரும்.

டைரியஸ் – லூபென் விதி: விகிதம், எல்லைப் பெருக்கத்தை 2.2ஆல் வகுத்தது, தொகையீட்டுக் காலம் எல்லைக் காலத்தைப் போல 2.2 மடங்கு, வகையீட்டுக் காலம் எல்லைக் காலத்தை 6.3ஆல் வகுத்தது. நமக்கு 3.88, 39.6 வினாடி, 2.86 வினாடி, தனிப் பெருக்கங்களாக 3.88, 0.098, 11.1.

இரண்டில் எது என்றால், சூடேற்றிக்கு இரண்டாவதையே நான் எடுப்பேன். சூடேற்றியால் வெப்பத்தைக் கொடுக்கத்தான் முடியும், எடுக்க முடியாது. இலக்கைத் தாண்டிவிட்டால் தானாகக் குளிரும் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. நம் எண்களை வைத்துக் கணக்கிட்டால், சுற்று நிலைகுலைய இன்னும் எவ்வளவு கட்டப் பின்தங்கலைத் தாங்கும் என்னும் கட்ட இடைவெளி, முதல் விதியில் 35 முதல் 40 டிகிரிக்குள்ளும், இரண்டாவதில் ஏறத்தாழ 70 டிகிரியும் வருகிறது. முதல் விதி குலுங்கிக் குலுங்கி அடங்கும். இரண்டாவது அமைதியாக வந்து உட்காரும். காற்று வீச்சு போன்ற இடையூற்றிலிருந்து வெகு விரைவாக மீள வேண்டும், ஓரிரு டிகிரி தாண்டினாலும் கேடில்லை என்ற இடத்தில் முதல் விதிக்கு நியாயம் உண்டு.

ஏழாம் படி: எண்களை நிரலில் பொருத்துதல்

நல்ல எண்கள் கிடைத்தும் சுற்று தவறாக நடந்தால், பெரும்பாலும் தொகையீட்டுப் பகுதியே காரணம். 25 டிகிரியிலிருந்து 200க்கு முழுத் திறனில் ஏற நம் கட்டைக்கு ஏறத்தாழ 67 வினாடி ஆகும். அந்த நேரம் முழுக்க இலக்குக்கும் வெப்பநிலைக்கும் உள்ள விலகலைக் கூட்டிக்கொண்டே போனால், சீக்லர் – நிக்கல்ஸ் எண்ணில் தொகையீடு 3000 சதவீதத்தைத் தாண்டிவிடும். உண்மையில் தேவைப்படுவதோ 40. அந்தப் பெருஞ்சுமை கரையும் வரை சூடேற்றி அணையாது. எனவே வெளியீடு 100ஐயோ 0ஐயோ முட்டி நிற்கும்போது, அதே திசையில் தொகையீடு மேலும் வளர்வதைத் தடுத்துவிடுங்கள். அதோடு ஒரு சிறு நன்மையையும் சேர்த்துக்கொள்ளலாம்: அளவமைப்பு நமக்கு நடுநிலையாக 40ஐக் கண்டுபிடித்துத் தந்திருக்கிறது, தொகையீட்டைச் சுழியத்திலிருந்து தொடங்காமல் அந்த 40இலிருந்தே தொடங்கினால், கட்டை இலக்கை நெருங்கும்போது தேவையான திறன் ஏற்கெனவே கையில் இருக்கும்.

வகையீட்டை விலகலின் மீது கணக்கிடாமல், அளந்த வெப்பநிலையின் மீது கணக்கிடுங்கள். இல்லையெனில் இலக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய உதை விழும். இரைச்சலையும் கவனியுங்கள். ஏ.டி.சி.யில் ஓர் எண்ணிக்கை மாறினால் 0.12 டிகிரி, கால் வினாடிக்குள் அது நடந்தால் வினாடிக்கு 0.48 டிகிரி என்று தோன்றும், 11.5ஆல் பெருக்கினால் திறனில் 5.5 சதவீதத் துள்ளல். 0.45 வினாடி நேர மாறிலியுள்ள எளிய வடிகட்டி ஒன்றை வகையீட்டின் மீது வைத்தால் அந்தத் துள்ளல் 2 சதவீதமாக அடங்கிவிடும். அதனால் சேரும் தாமதம், 4 வினாடித் தாமதமுள்ள சுற்றுக்கு ஒரு பொருட்டன்று.

எட்டாம் படி: சரிபார்த்த பின் சேமித்தல்

புது எண்களை உடனே நிரந்தர நினைவகத்தில் எழுதிவிடாதீர்கள். முதலில் அவை ஒரு நியாயமான வரம்புக்குள் இருக்கின்றனவா என்று நிரலே பார்க்க வேண்டும்: எல்லைக் காலம் மாதிரி இடைவெளியைப் போல இருபது மடங்காவது இருக்க வேண்டும், வீச்சு தயக்கப் பட்டையைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். நம் சுற்றில் 72 மடங்கு, 9 மடங்கு. இரண்டிலும் இடம் நிறைய இருக்கிறது. நடுநிலை 90 சதவீதத்துக்கு மேலே வந்தால் சூடேற்றி அந்த இலக்குக்குப் போதாது என்று பொருள். எந்த எண்ணாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

பிறகு இரண்டு சோதனைகள். இலக்கை 200இலிருந்து 210க்கு மாற்றி, எவ்வளவு தாண்டுகிறது, எத்தனை வினாடியில் அடங்குகிறது என்று பாருங்கள். அடுத்து, இலக்கை மாற்றாமல் மின்விசிறியைப் போட்டு, எவ்வளவு இறங்கி எப்படி மீள்கிறது என்று பாருங்கள். முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு நிறுத்துபவர்கள் பலர். ஆனால் அன்றாடத்தில் சுற்று சந்திப்பது பெரும்பாலும் இரண்டாவதைத்தான். இரண்டிலும் ஊசல் சில வட்டங்களில் அடங்க வேண்டும். அடங்காமல் அதே வீச்சில் நீண்டால் விகிதத்தை மூன்றில் ஒரு பங்கு குறைத்து மீண்டும் பாருங்கள்.

இவற்றில் தேறிய எண்களை, அளந்த நாளில் இருந்த இலக்கு வெப்பநிலையோடும் மின்வழங்கியின் மின்னழுத்தத்தோடும் எண்கள் கெட்டுப்போனால் காட்டிக்கொடுக்கும் ஒரு சரிபார்ப்புக் கூட்டுத்தொகையோடும் சேர்த்து நினைவகத்தில் எழுதுங்கள். மார்லினில் எம்303 தந்த எண்களை எம்301 மூலம் கொடுத்து, எம்500 மூலம் சேமிப்பது இந்த வேலைதான். எம்500ஐ மறந்துவிட்டு மறுநாள் இயந்திரத்தைப் போட்டதும் பழைய எண்களே இருப்பதைக் கண்டு குழம்புவோர் உண்டு.

சூடேற்றி, உணரி, கட்டையைச் சுற்றியுள்ள உறை, மின்விசிறி ஆகியவற்றில் எது மாறினாலும் அளவமைப்பைத் திரும்பச் செய்ய வேண்டும். இலக்கு வெகுவாக மாறினாலும் அப்படியே. 60 டிகிரியில் எடுத்த எண்கள் 250 டிகிரிக்குப் பொருந்தா. உண்மையில் எந்த நிலையில் ஓடப்போகிறதோ, விசிறி உட்பட, அதே நிலையில் அளக்க வேண்டும்.

இந்த முறை எல்லாச் சுற்றுக்கும் ஏற்றதன்று. மின்வழங்கிச் சீராக்கி போன்ற விரைவான சுற்றுகளில் வெளியீட்டை வேண்டுமென்றே ஊசலாட விட்டால் அதனோடு இணைந்த கருவிகள் கெடும். அங்கே ஓடும் சுற்றுக்குள் மிகச் சிறிய சமிக்ஞையைச் செலுத்தி அதன் விடையை அளக்கும் வழியே பொருந்தும். தாமதம் ஏறக்குறைய இல்லாத அமைப்பில் ரிலே ஊசலின் காலத்தை அமைப்பு தீர்மானிக்காது, உங்கள் மாதிரி இடைவெளிதான் தீர்மானிக்கும். அப்படிக் கிடைக்கும் எண்ணுக்குப் பொருளில்லை.

பேட்டரியில் ஓடும் சூடேற்றிக்கு இன்னும் ஒன்று தேவை. திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 12 வோல்ட் 13.2 ஆனால் சுற்றின் மொத்தப் பெருக்கம் 21 சதவீதம் கூடிவிடும். பேட்டரி இறங்கும்போது அதேபோலக் குறையும். ஒவ்வொரு முறையும் அளவமைப்பைத் திரும்பச் செய்வதைவிட, மின்வழங்கியின் மின்னழுத்தத்தை இன்னோர் ஏ.டி.சி. முனையில் படித்து, அளவமைப்பின்போது இருந்த மின்னழுத்தத்தை அதனால் வகுத்து, அந்த விகிதத்தின் வர்க்கத்தால் வெளியீட்டைப் பெருக்கிவிடுங்கள். 13.2 வோல்ட்டில் அந்த எண் 0.826, அன்று அளந்த மூன்று எண்களும் பேட்டரி ஏறியிருந்தாலும் இறங்கியிருந்தாலும் அப்படியே பொருந்தும்.